சத்தம் கேட்கிறது, சாமி பெயர் கேட்கிறதா?

(அறநிதியின் நன்கொடையாளர் ஒன்றுகூடலில், ஈப்போவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த மேடையில் வழக்கமாகச் சமயச் சான்றோர்கள் பேசுவார்கள். மேடைக்குப் பின்னால் நின்று ஒலிபெருக்கி கட்டுகிறவனை முன்னால் நிறுத்தி, உன் தொழிலைப் பற்றியே பேசு என்று சொல்லிவிட்டீர்கள். சமயம் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் சமயம் பேசுகிறவர்களின் சொல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேருகிறதா என்பது என் பொறுப்பு. அதைப் பற்றிப் பேசுகிறேன்.

ஒரு பாட்டி சொன்ன சொல்

பல ஆண்டுகளுக்கு முன், பேராக்கில் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்துக் கோயிலில் குடமுழுக்கு. தோட்டம் என்று சொல்வது பழக்கத்தினால்தான். பால்மரம் ஒன்றுகூட இல்லை. ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் தாமான் வீடுகள். லயங்கள் இடிந்து, மக்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் தலைநகருக்குமாகப் பிரிந்து போய்விட்டார்கள். ஆனாலும் குடமுழுக்கு என்றதும் மூன்று தலைமுறையினரும் திரண்டு வந்திருந்தார்கள்.

ஓர் அன்பர் புத்தம் புதிதாக இரண்டு பேஸ் பெட்டிகளை உபயமாகக் கொடுத்திருந்தார். ஆம்ப்ளிபயர் உள்ளேயே பொருத்திய சப்வூபர். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியின் பின்னால் இருந்த திருகை வலது பக்கம் முழுவதும் திருப்பினேன். குருக்கள் மைக், ஓதுவார் மைக், தவில் மைக் எல்லாவற்றையும் அதற்குள் அனுப்பினேன். பந்தல் அதிர்ந்தது. தகரக் கூரை கிடுகிடுத்தது. பையன்கள் கை தட்டினார்கள். பெரிய வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

சடங்கு முடிந்து பந்தி நடக்கும்போது, அந்தத் தோட்டத்திலேயே பால் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “தம்பி, சத்தம் நல்லாத்தான் கேட்டுச்சு. ஆனா சாமி பேரு ஒண்ணும் கேக்கலையேப்பா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. காது மந்தமாகிவிட்டதோ என்று தன்னையே நொந்துகொண்டு சொன்னார். குறை அவர் காதில் இல்லை. என் திருகில் இருந்தது. அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் இன்று உங்களிடம் சொல்கிறேன்.

குழாய்க் காலமும் பெட்டிக் காலமும்

நம்மில் வயதானவர்களுக்குக் குழாய் ஒலிபெருக்கி நினைவிருக்கும். கோயில் வேப்ப மரத்தில் கட்டினால் பெரட்டுத் திடல் தாண்டி, ஆயாக் கொட்டகை தாண்டி, கடைசி லயம் வரை கேட்கும். அதில் கனமான ஒலி வராது. மேளம் டப்பா தட்டுவது போலக் கேட்கும். ஆனால் சொல் தெளிவாகப் புரியும்.

இதற்குக் காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. ‘தலை’, ‘கலை’, ‘மலை’ என்ற மூன்று சொற்களைச் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் வேறுபாடு முதல் எழுத்தில் உள்ள மெய்யொலி மட்டுமே. அந்த மெய்யொலி ஒரு நொடியில் சிறு பகுதி நேரமே வந்து போகும். அதை அடையாளம் காட்டும் ஒலி பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள மேல் பகுதியில் இருக்கிறது. குரலின் வலிமை கீழே, உயிரெழுத்தில் இருக்கிறது. பொருளோ மேலே, மெய்யெழுத்தில் இருக்கிறது. கீழ்ப் பகுதியை அளவுக்கு மீறி ஊதிவிட்டால் அது மேல் பகுதியை மூடிவிடும். அப்போது சத்தம் கேட்கும்; சொல் கேட்காது.

அதனால் பேஸ் பெட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தவிலின் தொப்பிப் பக்கத்தில் கோல் விழும்போது எழும் கும்காரம், உறுமியில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது வரும் அந்த முனகல், இவையெல்லாம் கீழ்ப் பகுதி ஒலிகள். குழாயில் இவை செத்துப் போயின. பேஸ் பெட்டி அவற்றுக்கு உயிர் கொடுக்கிறது. உறுமி அடிக்கும் நம் பிள்ளைகளுக்கு அது ஒரு மரியாதை. கேள்வி ஒன்றுதான்: எந்த ஒலி எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும்? அதைப் பிரிக்கும் எல்லைக்குத்தான் ‘கிராஸ் ஓவர்’ என்று பெயர்.

நிரை பிரிப்பது போல

தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை. ஒருவர் வெட்டிய மரத்தை இன்னொருவர் மறுபடி வெட்டினால் மரம் கெடும். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நிரை விடுபட்டால் பால் நட்டம். ஒலியிலும் அப்படியே.

பேஸ் பெட்டியில் ‘லோ பாஸ்’ என்று ஒரு திருகோ, 80, 100, 120 என்று நிலைகளோ இருக்கும். அதற்குக் கீழே உள்ள ஒலியை மட்டும் அந்தப் பெட்டி எடுத்துக்கொள்ளும். மேல் பெட்டியில் ‘ஹை பாஸ்’ இருக்கும். அதற்கு மேலே உள்ளதை மட்டும் அது பாடும். பலரும் பேஸ் பெட்டியை மட்டும் திருகிவிட்டு, மேல் பெட்டியை முழு வீச்சில் விட்டுவிடுகிறார்கள். அப்போது 60 முதல் 120 வரை உள்ள ஒலியை இரண்டு பெட்டிகளும் சேர்ந்து வெட்டுகின்றன. அதுதான் ‘பூம் பூம்’ என்ற குமுறல். மாறாக, பேஸ் பெட்டியை 80 இலும் மேல் பெட்டியை 120 இலும் நிறுத்தினால் நடுவில் ஒரு நிரை விடுபடும். தவில் பொக்கையாகக் கேட்கும்.

ஆகவே, இரண்டும் ஒரே எண்ணில் சந்திக்க வேண்டும். 12 அங்குலம், 15 அங்குலம் உள்ள மேல் பெட்டிகளுக்கு 80 முதல் 100 ஹெர்ட்ஸ் நல்ல எல்லை. 8 அங்குலச் சிறு பெட்டிகள் என்றால் 120 வரை போகலாம். எது என்று தெரியாவிட்டால் 100 இல் தொடங்குங்கள்.

எல்லை என்றால் சுவர் அல்ல, சரிவு. இன்றைய பெட்டிகளில் பெரும்பாலும் ஒரு ஸ்தாயிக்கு 24 டெசிபல் சரிவு இருக்கும். அதாவது 100 இல் எல்லை வைத்தால், 200 ஹெர்ட்ஸில் பேஸ் பெட்டியின் ஒலியழுத்தம் ஏறக்குறைய 16 இல் 1 பங்காகக் குறைந்துவிடும். சிக்ஃபிரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி என்ற இரு பொறியாளர்கள் வகுத்த முறை 1976 இல் வெளிவந்தது. அந்த முறையில் எல்லைப் புள்ளியில் இரண்டு பெட்டிகளும் ஆளுக்குப் பாதி அழுத்தம் கொடுத்து, சேர்ந்து முழுமையாக்குகின்றன. விட்டுக்கொடுத்தால்தான் குடும்பம் நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

குரலுக்குக் கீழே எல்லை

ஆண்கள் பேசும் குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் 85 முதல் 155 ஹெர்ட்ஸ் வரை. பெண்களுக்கு ஏறத்தாழ 165 முதல் 255 வரை. நான் அன்று திருகை 150 க்குத் திருப்பியதால் குருக்களின் குரலில் பாதி பேஸ் பெட்டிக்குள் போய்விட்டது. மந்திரம் பானைக்குள் பேசியது போல ஆனது அதனால்தான்.

இதற்கு இரண்டு பரிகாரங்கள். ஒன்று, மிக்சரில் ஒவ்வொரு மைக்குக்கும் ‘லோ கட்’ என்ற பொத்தான் இருக்கும். குருக்கள், ஓதுவார், சொற்பொழிவாளர், அறிவிப்பாளர் ஆகிய நால்வரின் மைக்கிலும் அதை அழுத்திவிடுங்கள். காற்று மோதும் ஒலி, மைக்கைத் தட்டும் ஒலி, மேடையில் நடக்கும் ஒலி எல்லாம் பெரிதும் குறைந்துவிடும். இரண்டு, மிக்சரில் ‘ஆக்ஸ்’ என்ற தனி வழி இருந்தால், அதன் வழியாகத் தவில், உறுமி, மிருதங்கம் ஆகியவற்றை மட்டும் பேஸ் பெட்டிக்கு அனுப்புங்கள். மைக்கில் பேசுகிறவர் அந்தப் பக்கமே போகமாட்டார். அப்படிச் செய்தால் மேல் பெட்டியின் ‘ஹை பாஸை’ அந்தப் பெட்டியிலேயே போட மறவாதீர்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. பேஸ் பெட்டியில் ‘போலாரிட்டி’ என்ற சிறு பொத்தான் இருக்கும். கைப்பேசியிலிருந்து 100 ஹெர்ட்ஸ் ஒலியை விட்டு, பக்தர்கள் அமரும் இடத்தில் போய் நில்லுங்கள். ஒருவர் அந்தப் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தட்டும். எந்த நிலையில் ஒலி கூடுதலாகக் கேட்கிறதோ அதுவே சரி. மற்ற நிலையில் ஒரு பெட்டி தள்ள, இன்னொரு பெட்டி இழுக்கிறது என்று பொருள். இரண்டு நிமிட வேலை. மிக்சர் அருகில் நின்று செய்யாதீர்கள். மக்கள் இருக்கும் இடத்தில் நின்று செய்யுங்கள்.

வைக்கும் இடம்

மேடையின் இரு பக்கமும் துவாரபாலகர் போலப் பேஸ் பெட்டிகளை நிறுத்துவது நம் வழக்கம். பார்க்க அழகு. ஆனால் 70 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் ஏறக்குறைய 5 மீட்டர். இரண்டு பெட்டிகளிலிருந்தும் உள்ள தூரம் 2.5 மீட்டர் வேறுபடும் இடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடும். நடுவில் நிற்பவருக்கு இடி இடிக்கும். ஏழெட்டு அடி தள்ளி நிற்பவருக்கு ஒன்றுமே இருக்காது. அதைச் சரிக்கட்ட ஒலியைக் கூட்டினால் நடுவில் இருப்பவர் காதைப் பொத்துவார். இரண்டு பெட்டிகளையும் ஒரே இடத்தில் அருகருகே வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரிதும் தீரும். சுவர் மூலையில் வைத்தால் ஒலி தானாகவே பெருகும். அந்த அளவுக்குக் குறைத்து வையுங்கள்.

மின்சாரத்தில் விளையாட்டு வேண்டாம்

நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. 50 ஹெர்ட்ஸ் என்பது சரியாகப் பேஸ் பெட்டியின் நிரை. ஆகவே இணைப்பில் சிறு குறை இருந்தாலும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலைப் பேஸ் பெட்டி பெரிதாக்கிக் காட்டும். அதை நிறுத்துவதற்காகச் சிலர் பிளக்கில் உள்ள எர்த் கம்பியைக் கழற்றிவிடுகிறார்கள். இரைச்சல் நிற்கும், ஒருநாள் உயிரும் நிற்கும். அபிஷேக நீர் ஓடும் தரை, மழையில் நனைந்த பந்தல், வெறுங்காலோடு நிற்கும் பக்தர்கள். எண்ணிப் பாருங்கள். மிக்சருக்கும் பெட்டிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள், பெட்டியைப் பலகை மேல் வையுங்கள், எர்த்தைத் தொடாதீர்கள்.

பாறையும் பக்கத்து வீடும்

ஈப்போ சுண்ணாம்புக்கல் மலைகள் சூழ்ந்த ஊர். தைப்பூசத்தன்று புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து காவடிகள் குனோங் சீரோ அடிவாரத்திலுள்ள கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்திற்கு வருவதை நீங்கள் அறிவீர்கள். 34 மீட்டர் தொலைவில் ஒரு பாறைச் சுவர் இருந்தால், நாம் எழுப்பும் ஒலி 0.2 நொடியில் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் விழும். மேல் பெட்டியைப் பாறைக்கு முகம் காட்டாமல் திருப்பி வைக்கலாம். பேஸ் பெட்டிக்கு அப்படி முகம் கிடையாது. அதன் ஒலி எல்லாத் திசையிலும் போகும். அளவு ஒன்றே அதற்குக் கடிவாளம்.

அதே ஒலி சுவரையும் தாண்டும். அன்று கோயிலைச் சுற்றி நம் லயங்கள் இருந்தன. இன்று தாமான் வீடுகள். பல சமயத்தவர்கள், இரவு வேலை முடித்து வந்து உறங்குகிறவர்கள், கைக்குழந்தைக்காரர்கள். நாம் பாடும் தேவாரம் அவர்கள் வீட்டுக்குள் போவதில்லை. ‘டும் டும்’ மட்டுமே போகிறது. நம் வழிபாட்டைப் பற்றி அவர்கள் அறிவது அந்த ஒன்றுதான்.

சிங்கப்பூரில் பொது ஒழுங்கைக் காரணம் காட்டி, தைப்பூச ஊர்வலத்தில் 1973 இல் இசைக்கருவிகள் தடை செய்யப்பட்டன. பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு இடம் கிடைத்தது 2016 இல்தான். இடையில் 40 ஆண்டுகளுக்கு மேல்! நம் ஒலிக்கு நாமே எல்லை வைத்துக்கொண்டால் பிறர் வந்து வைக்க வேண்டிய தேவை எழாது. உறுமி அடிக்கும் இளைஞர்களை நான் கேட்டுக்கொள்வதும் இதைத்தான். உங்கள் கருவிக்கு எதிராகப் பேசவில்லை. அது நெடுங்காலம் ஒலிக்க வேண்டும் என்றே பேசுகிறேன்.

காதையும் மறக்க வேண்டாம். இசை அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வகுத்த நெறியில், சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. பெட்டிக்கு முன்னால் ஆடும் சிறு பிள்ளைகளைக் கொஞ்சம் பின்னால் அழைத்துக்கொள்ளுங்கள்.

கொடையாளர்களிடம் ஒரு விண்ணப்பம்

பெருமக்களே! கோயிலுக்கு ஒலிபெருக்கி உபயம் செய்வது உயர்ந்த தர்மம். பெட்டியில் உங்கள் குடும்பப் பெயரைப் பொறிக்கிறோம்; மாலை போட்டு மரியாதை செய்கிறோம். ஆனால் விளக்கைக் கொடுத்துவிட்டுத் திரி கொடுக்காமல் போகலாமா? பல்லாயிரம் வெள்ளிக்குப் பெட்டி வாங்கும் நாம், அதை அமைக்கத் தெரிந்த ஒரு பிள்ளையை உருவாக்கச் சில நூறு வெள்ளி ஒதுக்குவதில்லை.

மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். ஒலிபெருக்கி உபயத்தோடு, அந்தக் கோயில் இளைஞர் இருவருக்குப் பயிற்சிச் செலவையும் சேர்த்துக் கொடுங்கள். ஒருவர் ஆணாகவும் ஒருவர் பெண்ணாகவும் இருக்கட்டும். எல்லை எண், மேல் பெட்டி எண், போலாரிட்டி, ஒலியளவு ஆகிய நான்கையும் ஓர் அட்டையில் எழுதி, களஞ்சிய அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பையன் மாறினாலும் அளவு மாறாது. திருவிழாவுக்கு முதல் நாள் ஒரு மணி நேரம் சோதனைக்கு ஒதுக்கி, கோயிலின் மூத்த ஒருவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, “சாமி பெயர் கேட்கிறதா?” என்று கேளுங்கள். அவர் தலையசைத்த பிறகே திருகை விட்டுக் கையை எடுங்கள்.

அந்தப் பாட்டி மறு ஆண்டுத் திருவிழாவுக்கு வரவில்லை. அவருக்குக் கேட்கும்படி ஒருமுறையேனும் ஒலி அமைத்துக் கொடுக்கும் பேறு எனக்குக் கிட்டவில்லை. ஆனால் அவரைப் போல, பிரிந்துபோன தோட்டங்களிலிருந்து பேருந்து மாறி, பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நம் கோயில்களுக்கு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் தேடி வருவது சத்தத்தை அல்ல, அந்தப் பெயரைத்தான்.