உள்ளே பார்க்கும் பொத்தான்

இன்று பட்டம் பெறும் உங்களில் சிலர் வகுப்பறைக்குப் போகிறீர்கள், பலர் கணினித் துறைக்குப் போகிறீர்கள். இரு சாராருக்கும் உரிய ஒரு பொருளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். திரையில் கட்டைகளை இழுத்து அடுக்கி நிரல் எழுதும் கருவிகளும், அவற்றோடு வளர்ந்த சிமுலேஷன் கருவிகளும்தான் அந்தப் பொருள். நிரல் எழுதுவதை இவை எளிதாக்குகின்றன என்றுதான் பொதுவாகப் புகழ்கிறார்கள். அது சிறிய புகழ். ஒரு விதியை எழுதி, அதன் விளைவைக் கண்ணால் கண்டு, விதியை மாற்றி மறுபடியும் பார்க்கும் உரிமையை இவை மாணவர் கையில் கொடுக்கின்றன. அந்த உரிமை இல்லாத இடத்தில் எத்தனை அழகான படம் ஓடினாலும் கல்வி நடப்பதில்லை என்பதே என் வாதம்.

1967இல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோயர்சைக் முதலானோர் குழந்தைகளுக்கென்று லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். சில ஆண்டுகளில் அதில், கட்டளைப்படி நகர்ந்து கோடு வரையும் ஓர் ஆமை வந்து சேர்ந்தது. 'முன்னே 100, வலப்பக்கம் 90' என்று நான்கு முறை சொன்னால் ஆமை ஒரு சதுரம் வரையும். இப்போது சமபக்க முக்கோணம் வேண்டும். முக்கோணத்தின் கோணம் 60 என்று புத்தகத்தில் படித்த குழந்தை 90ஐ அழித்து 60 என்று போட்டு மூன்று முறை ஓட்டுகிறது. முக்கோணம் மூடவில்லை, அறுகோணத்தில் பாதி திறந்தபடி கிடக்கிறது. திரும்ப வேண்டியது உள்கோணம் அன்று, 120 பாகை என்பதும், முழுச்சுற்று வர மொத்தம் 360 திரும்ப வேண்டும் என்பதும் அந்தப் பாதி அறுகோணத்தைப் பார்த்தபடி குழந்தை தானே கண்டுபிடிக்க வேண்டியவை. விதியிலிருந்து உருவம் பிறப்பது நமக்குப் புதிதன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து 1974இலேயே கோலத்துக்கு இலக்கணம் எழுதியிருக்கிறார். 2007இல் எம்.ஐ.டி.யிலிருந்து வெளிவந்த ஸ்கிராட்ச் என்ற கட்டை அடுக்கும் கருவி, லோகோவின் வழியில் எழுத்துப்பிழை என்ற தடையை நீக்கியது. அதில் 'என்றால்' என்ற கட்டையின் பள்ளம் அறுகோண வடிவில் இருக்கும். உண்டா இல்லையா என்று விடை தரும் கட்டை மட்டுமே அதில் பொருந்தும். காற்புள்ளி விட்டுப்போனதற்காக அழுத நேரமெல்லாம் யோசிக்கும் நேரமாகிறது.

சிமுலேஷனுக்கு வந்தால் இந்த உரிமையின் அருமை இன்னும் தெளிவாகும். 1999இல் யூரி விலென்ஸ்கி உருவாக்கிய நெட்லோகோவில் நிரலை எழுத்தில்தான் எழுத வேண்டும். ஆனால் நடப்பதெல்லாம் படமாகத் தெரியும், அளவுகளை ஸ்லைடரை நகர்த்தி மாற்றலாம். அதில் ஒரு போக்குவரத்து மாதிரி உண்டு. ஒவ்வொரு காருக்கும் ஒரே விதி: முன்னால் கார் நெருங்கினால் வேகத்தைக் குறை, இல்லாவிட்டால் கூட்டு. சிக்னல் இல்லை, விபத்து இல்லை, ஆனாலும் நெரிசல் பிறக்கிறது. கார்கள் முன்னே போக, நெரிசல் பின்னே நகர்கிறது. இது திரை காட்டும் மாயமில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களைச் சீரான வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். நெரிசல் தானாக உருவாகி, பின்னோக்கி நகர்ந்தது. 2008இல் அந்த முடிவு வெளியானது. எந்த நெரிசலுக்கும் குற்றவாளி ஒருவனைத் தேடும் பழக்கமுள்ள நமக்கு, யாரும் குற்றவாளியாக இல்லாமலே கெடுதல் நேரும் என்பதை இதைவிட நேராக எந்தப் பாடமும் சொல்லிவிட முடியாது.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. லோகோ பழகிய குழந்தைகள் மற்ற வேலைகளைத் திட்டமிடுவதில் பிறரைவிடத் தேறவில்லை என்று 1980களில் ஆய்வாளர்கள் ராய் பீயும் மிடியன் கர்லண்டும் காட்டினார்கள். அதை நான் முழுமையாக ஏற்கிறேன். கருவியை வாங்கி வைத்தால் மூளை கூர்மையாகும் என்ற நம்பிக்கைக்கு அது சரியான அடி. கட்டையில் பழகியவன் எழுத்து நிரலில் தடுமாறுவான் என்பது இன்னொரு மறுப்பு. ஆய்வாளர் வெயின்ட்ராபும் நெட்லோகோவின் விலென்ஸ்கியும் உயர்நிலைப் பள்ளி மாணவரிடம் பார்த்தபோது, ஐந்து வார முடிவில் எழுத்தில் கற்றவர்களைவிடக் கட்டையில் கற்றவர்கள் முந்தியிருந்தார்கள். இரு பிரிவினரும் ஜாவா என்ற எழுத்து நிரல்மொழிக்கு மாறிப் பத்து வாரம் ஆனதும் வித்தியாசம் மறைந்துவிட்டது. தடுமாற்றமும் இல்லை, நிரந்தர லாபமும் இல்லை. பெரிய நிரலைப் படமாக வரைந்தால் திரை சிக்கலாகிவிடும் என்பது உண்மைதான். அதற்கு எழுத்து நிரல் இருக்கிறது.

மாதிரி என்பது உலகம் அன்று, அழகிய படம் பொய்யை நம்ப வைத்துவிடும் என்பதுதான் கனமான மறுப்பு. ஓநாயும் ஆடும் உள்ள நெட்லோகோ மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். புல்லுக்குக் குறைவே இல்லை என்று வைத்தால் பெரும்பாலும் ஓரினம் அழிந்து ஆட்டம் குலைகிறது. மேய்ந்த புல் மறுபடி முளைக்க நேரம் பிடிக்கும் என்ற விதியைச் சேர்த்தால் பெரும்பாலும் இரண்டும் ஏறி இறங்கிப் பிழைக்கின்றன. முடிவைத் தீர்மானித்தது எழுதியவரின் அனுமானம். படத்தை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியாது. விதியைத் தொட்டவருக்கு மட்டுமே தெரியும். ஆகவே அந்த ஆபத்துக்கு மருந்து சிமுலேஷனை ஒதுக்குவதில் இல்லை, திறந்து வைப்பதில் இருக்கிறது.

ஸ்கிராட்ச் தளத்தில் பகிரப்பட்ட ஒவ்வொரு படைப்பின் பக்கத்திலும் 'உள்ளே பார்' என்ற பொருளில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் எட்டு வயதுக் குழந்தை எழுதியதும் கட்டை கட்டையாகத் திறக்கும். எடுத்து மாற்றியும் பார்க்கலாம். நாளை நீங்கள் வெள்ளம் எங்கே ஏறும், நோய் எப்படிப் பரவும், பேருந்து எந்தத் தெருவுக்கு வரும் என்று கணக்கிடும் மாதிரிகளை எழுதப் போகிறீர்கள், அல்லது அவற்றை வகுப்பில் ஓட்டிக் காட்டப் போகிறீர்கள். அந்தத் தெருவில் குடியிருப்பவரும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பவரும் அழுத்துவதற்கு அப்படி ஒரு பொத்தானை அதில் வையுங்கள்.