காற்றில்லாமல் வாழும் கிருமிகள்
(பத்து காஜாவில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சம்பளமும் அல்ல, போனசும் அல்ல. ஆலைக்குப் பின்புறம் கிடக்கிறதே கறுப்புத் தண்ணீர்க் குளம், மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் கடந்து போகிறோமே, அதைப்பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்தச் சேற்றுக்குள் கோடானுகோடி ஜீவன்கள் இரவும் பகலும் வேலை செய்கின்றன. அவை செய்கிற வேலையால் ஆற்றுக்கு நன்மை. ஆனால் விஷயம் தெரியாமல் அங்கே இறங்குகிறவனுடைய உயிருக்கு ஆபத்து.

நாம் வெட்டிக் கொண்டு வரும் பாலில் நூற்றுக்குச் சுமார் 30 பங்குதான் ரப்பர். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். அதோடு கொஞ்சம் புரதம், சர்க்கரை, கொழுப்பு. அமிலம் விட்டு உறையவைத்து ரப்பரை எடுத்துக்கொண்டால், இவையெல்லாம் கழுவிய தண்ணீரோடு வாய்க்காலில் போய்ச் சேருகின்றன. அதை அப்படியே ஆற்றில் விட்டால் என்ன ஆகும்? அழுகவைக்கும் கிருமிகள் அதைத் தின்னும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவையும் உறிஞ்சிவிடும். மீன் செத்து மிதக்கும். 1974இல் இந்நாட்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும், 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் தனித்தனியே விதிகள் வந்தன. அதன்பிறகு கழிவுநீரைக் குளத்தில் தேக்கிப் பக்குவப்படுத்தித்தான் வெளியே விட வேண்டும் என்றாயிற்று.

செம்பனை ஆலைக் கழிவு ரப்பர்க் கழிவைவிட மோசமானது. அழுக்கின் அளவைக் காட்ட ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: அழுக்கைத் தின்னும் கிருமிகளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் பிராணவாயு தேவைப்படும் என்பது. செம்பனைக் கழிவுக்கு இது சுமார் 25,000. சட்டமோ 1978இல் 5,000 என்று தொடங்கி, படிப்படியாகக் குறைத்து, 1984இல் 100க்குக் கொண்டுவந்துவிட்டது. இவ்வளவு பெரிய இறக்கத்துக்கு வழி செய்தவை பெரும்பாலும் காற்றில்லாச் சேற்றுக் குளங்களே.

காற்றில்லாமல் உயிர் வாழ முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியும் என்று 1861இல் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் காட்டினார். அதற்கும் முன்னால், 1776இல், இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா ஓர் ஏரிக்கரைச் சேற்றைக் கோலால் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்துக் கொளுத்திப் பார்த்தார். அது எரிந்தது. நம் கிந்தா வட்டாரத்தில் ஈயக்குட்டைகளுக்கா பஞ்சம்? அழுகிய இலைதழை கிடக்கும் குட்டையைக் கிளறினால் குமிழி வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதுவேதான். (இளைஞர்கள் தீக்குச்சியோடு போய்ப் பரீட்சை செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.) அந்த வாயுவுக்கு மீத்தேன் என்று பெயர்.

இதில் ஒரு ருசிகரமான சங்கதி உண்டு. சாராயச் சத்தைத் தின்று மீத்தேன் விடுகிற கிருமி ஒன்று இருப்பதாக 1930களிலிருந்து சுமார் முப்பது வருஷம் விஞ்ஞானிகள் நம்பியிருந்தார்கள். 1967இல் அமெரிக்காவில் பிரையன்ட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஆராய்ந்தபோது, அது ஒன்றல்ல, இரண்டு என்று தெரிந்தது. ஒன்று சாராயச் சத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை விடுகிறது. மற்றொன்று அந்த ஹைட்ரஜனை எடுத்து மீத்தேன் ஆக்குகிறது. ஹைட்ரஜன் தேங்கிவிட்டால் முதல் கிருமியால் தின்ன முடியாது, வேலை நின்றுபோகும். இரண்டாவது அதை அவ்வப்போது காலி செய்துகொண்டே இருப்பதால் இரண்டும் பிழைக்கின்றன. சங்கக்காரர்களாகிய நமக்கு இதைக் கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது, இல்லையா?

இப்போது கெட்ட சங்கதிக்கு வருகிறேன். அதே சேற்றில் இன்னொரு ஜாதிக் கிருமி வாழ்கிறது. 1895இல் ஹாலந்து தேசத்துப் பெய்ஜரிங்க் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது. இன்று அதை டீசல்ஃபோவிப்ரியோ என்கிறார்கள். நாம் பிராணவாயுவைச் சுவாசிப்பதுபோல் அது கந்தக உப்பைச் சுவாசிக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவை வெளியே விடுகிறது. அழுகின முட்டை நாற்றம் அதுதான். நம் செம்மண்ணிலுள்ள இரும்போடு அது சேரும்போது சேறு கரியாகக் கறுத்துவிடுகிறது. கெட்டிப்பால் செய்யும் ஆலைகளில் மிஞ்சுகிற ஸ்கிம் பாலை உறையவைக்கக் கந்தக அமிலம் ஊற்றுவது வழக்கம். அந்த அமிலம் குளத்துக்குப் போய் இந்தக் கிருமிக்குத் தீனியாகிறது. அதனால்தான் அத்தகைய ஆலைக் குளங்களில் இந்த நாற்றம் அதிகம்.

நாற்றம் அடிக்கிறவரை மூக்கு எச்சரிக்கை செய்கிறது. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட வேண்டாம், அதற்கும் குறைவாக இருந்தாலே மூக்குக்குத் தெரியும். ஆனால் 100 பங்கு அளவுக்கு ஏறினால் சிறிது நேரத்தில் மூக்கு மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டதாக உள்ளே நிற்பவன் நினைத்துக்கொள்கிறான். 500க்கு மேல் போனால் மயங்கி விழுவான். 1,000 பங்கு என்றால் ஓரிரு மூச்சிலேயே உயிர் போகக்கூடும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. ஆகவே பம்ப்புக் குழி, தொட்டி, மேன்ஹோல் ஆகியவற்றின் அடியில் படுத்திருக்கும். சேற்றில் அடைபட்டிருப்பது, மண்வெட்டியால் கிளறும்போது ஒரேயடியாக வெளிவரும். முதல் ஆள் விழுந்ததும் அவனைத் தூக்க இரண்டாம் ஆள் குதிக்கிறான், அவனும் விழுகிறான். பல நாடுகளில் இப்படித்தான் ஒரே குழியில் இரண்டு மூன்று பேராகச் சாகிறார்கள்.

தமிழ்நாட்டில் சாக்கடைக் குழியில் இறங்கி மாண்டவர்களின் கதையும் இதே வாயுக்களின் கதைதான். மனிதனை அதில் இறக்கக்கூடாது என்று இந்தியாவில் 2013இல் சட்டம் செய்தார்கள். 2014இல் சுப்ரீம் கோர்ட்டு, இறந்தவரின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. சட்டம் வந்த பிறகும் சாவு நிற்கவில்லை என்பதால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

இங்கே நமக்கு என்ன இருக்கிறது? அடைபட்ட இடங்களில் வேலை செய்வதற்கு 2010ஆம் ஆண்டின் நடைமுறை விதித்தொகுப்பு இருக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் கருவி வைத்து வாயுவை அளக்க வேண்டும். பிராணவாயு நூற்றுக்கு 19.5க்குக் குறையக்கூடாது. அனுமதிச் சீட்டு எழுத வேண்டும். குழிக்கு வெளியே ஓர் ஆள் காவலாக நிற்க வேண்டும். அவர் எந்தக் காரணத்தைக் கொண்டும் தானாக உள்ளே குதிக்கக்கூடாது. துணியை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்று எந்த மண்டோராவது சொன்னால் நம்பாதீர்கள். துணி இந்த வாயுவைத் தடுக்காது.

இன்னொன்று. 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருக்கிறதென்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ள இச்சட்டம் உரிமை தருகிறது. அப்படி விலகியதற்காக அவரைப் பழிவாங்கக்கூடாது என்றும் சொல்கிறது. குத்தகைக்காரர் கொண்டுவரும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இது தெரிந்திருக்காது. பக்கத்தில் நிற்கிற நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. அனுமதிச் சீட்டு உங்கள் மேஜைக்கு வரும். வாயு அளந்தவர் பெயர், அளந்த நேரம், கருவி காட்டிய எண்கள் ஆகிய மூன்றும் ஆள் இறங்குவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்த சாயங்காலம் வெற்றுச் சீட்டு வந்தால், அதைப் பூர்த்தி செய்து கோப்பில் வைக்காதீர்கள். அன்றைக்கே கிளைச் செயலாளருக்குத் தெரியப்படுத்துங்கள்.