துடுப்பும் செப்புக் கம்பியும்



மட்டக்களப்புக்கு வரும் விருந்தினரைப் பூரணை இரவிலே கல்லடிப் பாலத்தடிக்கு அழைத்துச் செல்வது எங்கள் ஊர் வழக்கம். 1924ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்று, அக்காலத்து ஆள்பதியின் துணைவியார் பெயரைப் பெற்ற பழைய பாலமும், 2013ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற புதிய பாலமும் அங்கே அருகருகே நிற்கின்றன. பாலத்தை அண்மித்ததும் தோணிக்காரர் தோணியை அசையாமல் நிறுத்துவார். துடுப்பை நீருள் ஆழ்த்தி, அதன் மேல்முனையிலே காதை வைக்குமாறு கூறுவார். அமைதியான இரவாயின், யாழ் நரம்பை மெல்லத் தொட்டாற் போன்ற ஓர் ஓசை கேட்கும். அதனையே பாடும் மீனின் பாட்டு என்கின்றோம்.

1848ஆம் ஆண்டிலே இவ்வாவிக்கு வந்த எமர்சன் தெனன்ற் என்னும் பிரித்தானிய அதிகாரி, தோணியின் மரத்திலே காதை வைத்தபோது அவ்வோசை மிகப் பெருகிக் கேட்டதென, 1859இல் வெளியான தமது இலங்கை வரலாற்று நூலிலே குறித்துள்ளார். 1960களிலே லாங் என்னும் கத்தோலிக்கக் குருவானவரின் உதவியினால் இலங்கை வானொலியும் அவ்வோசையை ஒலிபரப்பியது. பாடுவது மீனா, ஊரியா என்னும் வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். துடுப்பு பாடவில்லை என்பது மட்டும் உறுதி. எங்கோ பிறந்த ஓசையை அது குறையாமல் நம் செவிக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றது. அவ்வளவே அதன் தொழில்.

வீட்டிலே இசை கேட்கும் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பி வடங்களின் தொழிலும் அதுவேயாகும். இதனை நான் அறிந்துகொண்ட விதத்தைச் சொல்லவே இன்று வந்துள்ளேன்.

என் பெரியப்பா வடமோடிக் கூத்து பழக்கிய அண்ணாவியார். 1979ஆம் ஆண்டிலே, அவர் மத்தளம் கொட்டித் தாளக்கட்டுச் சொல்லிப் பாடியதை உறவினர் ஒருவர் ஒலிநாடாவிற் பதிவு செய்தார். பெரியப்பா காலமானார். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆந் திகதி வந்த கடற்கோளிலே எங்கள் வீடும், அவருடைய கூத்துக் கொப்பிகளும், மத்தளமும் அள்ளுண்டு போயின. அந்த நாடா ஒன்று மாத்திரம், படுவான்கரையிலுள்ள ஓர் உறவினரிடம் இரவலாகப் போயிருந்தமையால் எஞ்சியது.

சில ஆண்டுகளின் பின், எங்கள் பகுதியிலே மீண்டும் கூத்துப் பழக்க முயன்ற இளைஞர் ஒருவர் அந்த நாடாவைத் தேடி வந்தார். இருவரும் அமர்ந்து கேட்டோம். பாட்டோடு கூடவே, வண்டு முரலுவதுபோல ஓர் இரைச்சல் இடைவிடாது எழுந்தது. "ஐயா, பாட்டு விளங்குகிறது, மத்தளத்தின் இடந்தலைதான் பிடிபடவில்லை. அது தெரியாமல் ஆட்டத்துக்கு எப்படி அடிப்பது?" என்றார் அவர்.

அவ்விரைச்சல் எத்தகையது? நம் நாட்டு மின்சாரம் ஒரு விநாடியில் 50 முறை அலைகின்றது. அந்த அலைவு இசைக்கருவியுட் புகுந்தால் 50, 100, 150 என்னும் அதிர்வெண்களிலே இரைச்சலாகக் கேட்கும். இடந்தலையின் தாழ்ந்த முழக்கமும் அந்த எல்லைக்கு அண்மையதே. ஆகவே, பதிவு செய்தபின் கணினியினால் இரைச்சலை வடித்தெடுக்க முற்பட்டால் மத்தளத்தின் ஒரு பகுதியும் அதனுடன் போய்விடும். மேலும், பழைய நாடாவை அடிக்கடி ஓட்டிப் பார்ப்பது அதனைத் தேய்ப்பதாகும். இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே நிறுத்துவதன்றி வேறு வழியில்லை.

நான் முதலிற் செய்தது பலரும் செய்வதே. ஒரு கடையிலே, விரற்பருமனும் பொன்முலாமும் கொண்ட வடமொன்றை ஒரு மாதச் சம்பளத்தின் நாலிலொரு பங்கைக் கொடுத்து வாங்கினேன். அதனை மாட்டிய பின்னரும் இரைச்சல் சற்றேனும் குறையவில்லை. அந்த ஏமாற்றமே என்னை வடத்தின் இயல்பைப் படிக்க வைத்தது.

நாடாக் கருவியிலிருந்து ஒலிபெருக்கிக்குச் செல்லும் மின்னழுத்தம் மிகச் சிறியது. ஒரு வோல்ற்றிலும் குறைந்தது. எனவே அதற்கு ஒரு காப்பு வேண்டும். நடுவே ஒரு செப்புக் கம்பி, அதனைச் சுற்றிக் காவலிடும் உறை, அதன்மேல் வலைபோன்ற செப்புப் பின்னல், வெளியே ஒரு தோல்: இதுவே அவ்வடத்தின் அமைப்பு. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலைப் பின்னல் தாங்கிக்கொள்ளும். அந்தப் பின்னல் இரு முனைகளிலும் செவ்வையாகத் தொடுக்கப்படாவிடின், வேலியிலே மாடு புகக்கூடிய பொட்டு விட்டதற்கு ஒப்பாகும்.

அத்தகைய வடத்தை ஒரு மீற்றர் அளவில் வெட்டி, முனைகளின் தோலைச் சீவி, செருகியிலே நடுக்கம்பியையும் பின்னலையும் வெவ்வேறாகப் பற்றாசு வைத்து இணைத்தேன். பற்றாசு வைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. ஈயத்தைச் சூட்டுக்கோலிலே உருக்கி மூட்டின்மேற் சொட்டவிடலாகாது. மூட்டைச் சூடாக்கி, அந்தச் சூட்டிலே ஈயம் தானாக உருகிப் பரவ வேண்டும். நல்ல மூட்டு பளபளக்கும். மங்கலாய் உருண்டு நிற்பது பொய்மூட்டு. அது சில மாதங்களிற் கழன்று இரைச்சலைத் தரும்.

செருகியை மாட்டச் சென்றபோதுதான் உண்மை புலப்பட்டது. நாடாக் கருவியின் பின்புறத்துத் துளைகள் பச்சை படிந்து கிடந்தன. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் கல்லடியில் உப்புக்காற்று தொடாத செம்பு இல்லை. விலையுயர்ந்த வடமும் அந்தக் களிம்பின்மேலேதான் மாட்டப்பட்டிருந்தது! துளைகளைத் துப்புரவாக்கினேன். மின்சாரக் கம்பிகளுக்கு அருகே கிடந்த வடத்தை விலக்கினேன். வெவ்வேறு சுவர்களிலிருந்து மின்சாரம் பெற்ற கருவிகளை ஒரே பலகையிற் பொருத்தினேன்; வெவ்வேறிடத்தில் நிலத்தொடர்பு பெறும் கருவிகளை வடம் இணைக்கும்போது, அவற்றினூடே ஒரு வளையம் உண்டாகி இரைச்சல் பிறக்கும். இரைச்சலுக்கு அஞ்சி நிலக்கம்பியை வெட்டிவிடுவோரும் உளர். அது உயிருக்கே ஆபத்து, ஒருபோதும் செய்யலாகாது.

ஒலிபெருக்கியிலிருந்து ஒலிப்பெட்டிக்குச் செல்லும் கம்பியிலே மின்னோட்டம் மிகுதி. ஆதலின் அங்கே பருமனே முதன்மை. ஐந்து மீற்றர் தூரமாயின் போகவும் வரவும் பத்து மீற்றர் கம்பி ஆகும். அரைச் சதுர மில்லிமீற்றர்ப் பருமனில் அதன் தடை ஏறத்தாழ 0.35 ஓம். எட்டு ஓம் ஒலிப்பெட்டிக்கு இது நாலு விழுக்காட்டுக்கு மேல். ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர்ப் பருமனாயின் 0.12 ஓம் அளவிலே நின்றுவிடும். வீட்டு மின்வேலைக்கு விற்கும் சாதாரணச் செப்புக் கம்பியே இதற்குப் போதும். ஒட்சிசன் நீக்கிய செம்பு என்று கூடிய விலைக்கு விற்கின்றார்கள்; மின்கடத்துந் திறனில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு விழுக்காட்டுக்குள் அடங்கும். பொன்முலாம் களிம்பேறாது என்பது மெய். எங்கள் கடற்கரையில் அது பயனுடையதே. ஆயினும், அதனால் பாட்டு இனிமையாகிவிடும் என்பது மெய்யன்று.

இதனைச் சொல்லால் மட்டும் நிறுவ நான் விரும்பவில்லை. இரைச்சல் அடங்கியபின், என் மகள் வேறோர் இசைத்தட்டைச் சுழலவிட்டு, நான் கண்ணை மூடியிருக்க, என் கைவடத்தையும் கடைவடத்தையும் மாற்றி மாற்றி மாட்டினாள். இருபது முறை கேட்டேன். பதினொரு முறை சரியாகச் சொன்னேன். நாணயத்தைச் சுண்டிச் சொல்லியிருந்தாலும் ஏறத்தாழ அவ்வளவே கிடைத்திருக்கும். நானே செய்த வடம் சிறந்ததாயிருக்க வேண்டுமென்ற ஆசை எனக்கு இருந்தது. செவி அந்த ஆசைக்குச் சாட்சி சொல்லவில்லை.

கல்லடி உப்போடையிலே, தாம் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவிலே துயில்கின்றார் விபுலாநந்த அடிகள். விஞ்ஞானப் பட்டம் பெற்ற அவர், மறைந்துபோன யாழை வியப்பினாலன்றி நூலாராய்ச்சியினாலும் கணக்கினாலும் மீட்டெடுத்து, 1947ஆம் ஆண்டிலே யாழ்நூலாகத் தந்தார். இசையை நேசிப்பவர் அளவைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு அவரிலும் பெரிய சான்று எங்கள் ஊரில் இல்லை.

மீண்டும் நாடாவை ஒரேயொரு முறை ஓட்டிப் பதிவு செய்தோம். பெரியப்பா செருமுவது கேட்டது. பின்னே கடல் இரைவதும் கேட்டது. அப்பால் மத்தளம் தொடங்கியது. இளைஞர் எதுவும் பேசவில்லை. அவருடைய இடக்கை மாத்திரம் தொடையிலே மெல்ல அடிக்கத் தொடங்கியது. பாட்டு முடியுமட்டும் அது நிற்கவில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் அத்தகைய நாடா ஒன்று கிடக்கலாம். புதிய வடம் வாங்குமுன், கருவியின் பின்புறத்தை ஒருமுறை விளக்குப் பிடித்துப் பாருங்கள்.