நம் வீட்டு நாய்க்கு என்ன சாட்சி?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"நாயைத் தூக்கிட்டுப் போனா போலீஸ்ல கேஸ் எடுப்பாங்களா?" என்று பலர் கேட்கிறீர்கள். சட்டத்தில் இடம் இருக்கிறது. 1860-ல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டம், திருட்டு என்றால் என்ன என்று விளக்கச் சொன்ன உதாரணங்களில் ஒன்றே நாய்தான். தீனியைக் காட்டி ஒருவர் உங்கள் நாயைக் கெட்ட எண்ணத்தோடு இழுத்தால், அது அவர் பின்னால் நடக்கத் தொடங்கியதுமே திருட்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 303-வது பிரிவிலும் அதே உதாரணம் இருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை.

ஆனால் ஒரு சிக்கல். திருடு போனதின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே, திருடியவருக்கு இது முதல் குற்றம், நாயையும் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் சமுதாய சேவைதான் தண்டனை. அத்தகைய வழக்கை மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்கவும் முடியாது. விலைக்கு வாங்கிய லாப்ரடாருக்கு பில் இருக்கும். தெருவிலிருந்து குட்டியாக எடுத்து, பத்து வருஷம் வளர்த்த நாட்டு நாய்க்கு என்ன விலை போடுவீர்கள்?

பிரிட்டனிலும் இதே கேள்வி எழுந்தது. கொரோனா காலத்தில் நாய்களின் விலை ஏறியது. திருட்டுப் பயமும் ஏறியது. 2021 மே மாதம் அரசு ஒரு பணிக்குழு அமைத்தது. 2020-ல் போலீசுக்கு வந்த நாய் திருட்டுப் புகார்கள் சுமார் 2,000 என்று அது கணக்கெடுத்தது. வளர்ப்புப் பிராணியை வெறும் பொருளாகப் பார்க்கக் கூடாது என்றும் சொன்னது. 2024-ல் நாய், பூனை கடத்தலுக்குத் தனிச் சட்டமே வந்தது. 5 ஆண்டு வரை சிறை.

நமக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. நம் கையில் இருப்பது மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும். 2025-ல் வளர்ப்பு நாய்களுக்கு இரண்டையும் கட்டாயமாக்கினார்கள். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். அபராதத்துக்குப் பயந்து செய்கிற காரியமாக மட்டும் இதை நினைக்காதீர்கள். அரிசி அளவுள்ள அந்தச் சிப்பைத் தோலுக்கடியில் வைப்பார்கள். நாய் எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. யாருடைய நாய் என்று சொல்லும். கழுத்துப் பட்டையைக் கழற்றி எறிவதுபோல இதைக் கழற்ற முடியாது.

மூன்று வேண்டுகோள். மாநகராட்சிக்குப் புளியந்தோப்பிலும் திரு.வி.க. நகரிலும் செல்லப்பிராணி சிகிச்சை மையங்கள் உண்டு. சிப் போட்டு, எண்ணைக் குறித்து, நாயின் போட்டோவோடு பத்திரமாக வையுங்கள். வீடு அல்லது போன் நம்பர் மாறினால் பதிவிலும் மாற்றுங்கள். நாய் காணாமல் போனால் வாட்ஸ்அப்பில் போட்டதோடு நிற்காமல், அன்றைக்கே ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். கேமரா பதிவு சில நாளில் தானே அழிந்துவிடும். அதையும் உடனே எடுத்து வையுங்கள்.

சங்கத்துக்கும் ஒன்று: தண்ணீர் லாரி வந்து போகும்வரை கேட் திறந்தே கிடக்கிறது. அந்த நேரம் வாட்ச்மேன் கேட்டருகிலேயே நிற்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்குள் நம் குடியிருப்பில் சிப் இல்லாத நாய் ஒன்றுகூட இருக்கக் கூடாது.