மெருகிடும் பொறி



புதுக்கோட்டை மாவட்டத்து அன்னவாசலுக்கு அருகே சித்தன்னவாசல் என்னும் குன்று உள்ளது. உங்களிற் பலர் பள்ளிச் சுற்றுலாவின்போது அதனைக் கண்டிருப்பீர்கள். குன்றின் மேலே ஏழடிப்பட்டம் என்னும் குகையில், சமண முனிவர்கள் துயின்ற 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. தலை வைக்கும் பகுதி சற்றே உயர்ந்து, உடல் கிடக்கும் பகுதி வழுவழுப்பாக அமைந்த படுக்கைகள் அவை. அவற்றுள் ஒன்றின் ஓரத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் கழிந்தும் அக்கல்லின் மெருகு மங்கிவிடவில்லை.

அதே குன்றில் அறிவர் கோயில் என்னும் குடைவரையும் உண்டு. அதன் விதானத்திலே, சுண்ணச் சாந்தின் மேல், தாமரைப் பொய்கையும் மீனும் அன்னமும் எழுதப்பட்டிருக்கின்றன. அவ்வோவியங்களிற் பெரும்பகுதி இன்று அழிந்து விட்டது. எஞ்சியதை அரிதின் முயன்று காத்து வருகின்றனர்.

இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். கற்படுக்கையின் கீழே இருப்பது ஒரு மலை. எவ்வளவு தேய்த்தாலும் கல்லுக்குக் குறைவில்லை. ஓவியமோ மெல்லிய பூச்சு. அதிலிருந்து ஒரு செதில் உதிர்ந்தால் உதிர்ந்ததுதான். ஆகவே, ஒரு பொருளுக்கு மெருகிடப் புகுவோன் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, ‘இங்கே தேய்ப்பதற்கு எவ்வளவு இருக்கிறது?’ என்பதே. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் காருக்கு மெருகிடும் பொறி. அதனைத் தேர்ந்தெடுப்பதற்கும் இக்கேள்வியே வழிகாட்டி.

குன்றின் அடிவாரத்தில் வந்து நிற்கும் கார்களை உற்று நோக்குங்கள். புழுதி படிந்த காரை ஓட்டுநர் உலர்ந்த துணியால் துடைக்கிறார். புழுதியில் கலந்துள்ள நுண்மணல் துணியோடு சேர்ந்து வண்ணப்பூச்சைக் கீறுகிறது. வெயிலில் அக்கீறல்கள் சிலந்தி வலை போலத் தோன்றும். சமமான பரப்பில் விழும் ஒளி கண்ணாடியிற் போல ஒரே திசையில் திரும்புகின்றது. கீறல் விழுந்த பரப்பிலோ அது பல திசைகளிலும் சிதறுகின்றது. மங்கல் என்று நாம் சொல்வது இச்சிதறலைத்தான்.

இதனை நீக்குவது எங்ஙனம்? மெழுகு பூசினால் கீறல் சில நாள் மறையும். பின்னர் மீண்டும் தோன்றும். உண்மையில் நீக்க வேண்டுமாயின், கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். அதாவது, மெருகிடுதல் என்பது ஒன்றைக் கூட்டும் வேலையன்று, குறைக்கும் வேலை.

குறைப்பதற்கு அங்கே எவ்வளவு இருக்கிறது? இன்றைய காரின் தகரத்தின் மேல் முதற்பூச்சு, நிறப்பூச்சு, அதன்மேல் ‘கிளியர் கோட்’ என்னும் நிறமற்ற பூச்சு என அடுக்குகள் உள்ளன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். தொழிற்சாலைப் பூச்சு முழுவதும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். அதில் மேலுள்ள நிறமற்ற பூச்சு சுமார் 40 அல்லது 50 மைக்ரான். நம் தலைமயிரின் கனத்தினும் குறைவு. வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தடுத்து நிறத்தைக் காப்பது இப்பூச்சே. அதிலும் ஒரு சிறு பகுதியைத்தான் நாம் தேய்க்கலாம்.

இதனை நான் ஏட்டிற் படித்து மட்டும் அறிந்தேனல்லன். இளமையில் என் தாய்மாமனுடைய கருநீலக் காருக்கு மெருகிட முனைந்தேன். கையில் இருந்தது இரும்பு அறுக்கும் கிரைண்டர். அதன் முனையில் கம்பளித் திண்டு ஒன்றைப் பொருத்திக்கொண்டால் போதும் என எண்ணினேன். கதவின் விளிம்பில் வைத்த சில நொடிகளில், காசளவுக்கு நீலம் மறைந்து சாம்பல் நிற முதற்பூச்சு வெளிப்பட்டது. மாமா கடிந்துகொள்ளவில்லை. “போனது போகட்டும், மாப்பிள்ளை, தேய்ந்தது வளருமா?” என்றார். அக்கதவு முழுவதற்கும் மறுபடி வண்ணம் பூச வேண்டியதாயிற்று.

என் பிழை யாது? நான்கு அங்குலக் கிரைண்டர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 11,000 சுற்றுச் சுழலும். மெருகிடும் வேலைக்கு வேண்டிய வேகமோ பெரும்பாலும் 600 முதல் 3,000 சுற்று வரையே. தோற்றத்தில் இரண்டும் ஒத்திருக்கலாம். விலையிற் கிரைண்டர் மலிவாகவும் இருக்கலாம். ஆயினும் அது வெட்டுவதற்கென்று பிறந்தது.

மெருகுப் பொறிகளைப் பட்டறைகளில் ‘பஃபிங் மெஷின்’ என்று பொதுவாகக் கூறுவர். அவற்றுள் முதல் வகை, ஒரே அச்சில் சுழல்வது. இதனை ‘ரோட்டரி’ என்பர். குயவன் சக்கரம் போல ஒரே மையத்தில் சுற்றுவதால், இது விரைந்து தேய்க்கும். ஆழ்ந்த கீறலையும் போக்கும். ஆனால் ஓரிடத்திற் சற்றே தங்கினாலும் வெப்பம் மிகும். பூச்சு வெந்து போகும். பழகாத கையில் வட்ட வட்டமான புதுத் தடங்களையும் விட்டுச் செல்லும்.

இரண்டாம் வகை, இருவகை அசைவு உடையது. திண்டு தன்னைத்தானே சுற்றிக்கொண்டே மையம் விலகிய ஒரு சிறு வட்டத்திலும் நகரும். பூமி தன்னைச் சுற்றிக்கொண்டே சூரியனையும் வலம் வருவதை இங்கே நினைவுகூரலாம். திண்டின் ஒரு புள்ளி ஒரே தடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்க்காததால் வெப்பமும் தடமும் குறைவு. மேலும், கை அளவு கடந்து அழுத்தினால் திண்டின் சுழற்சி தானே நின்றுவிடும். அசைவு மட்டும் எஞ்சும். அறியாதவன் கையிலிருந்து காரைக் காக்கும் நற்பண்பு இது. திண்டு பொருந்தும் தட்டில் மையால் ஒரு கோடு இட்டுவைத்தால், சுழல்கிறதா நின்றதா என்பதை எளிதிற் காணலாம்.

மூன்றாம் வகையில் இவ்விரு அசைவுகளும் பற்சக்கரத்தால் பிணைக்கப்பட்டிருக்கும். அழுத்தினாலும் சுழற்சி நில்லாது. ஆற்றலில் முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் இடைப்பட்டது எனலாம்.

இவற்றுள் எதை வாங்குவது? புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞருக்கு நான் கூறுவது இரண்டாம் வகையே. அதிலும் அசைவு வட்டத்தின் அளவைக் கவனிக்க வேண்டும். 8, 15, 21 மில்லிமீட்டர் என அது பலவாறாக வரும். பெரிய அசைவு முன்மூடி, கூரை போன்ற அகன்ற பரப்புக்கு ஏற்றது. சிறிய அசைவு வளைவுகளுக்கும் குறுகிய இடங்களுக்கும் ஏற்றது. ஒன்றே வாங்க இயலுமாயின் 15 மில்லிமீட்டர் அசைவும் 5 அங்குலத் தட்டும் உடையது பெரும்பாலான வேலைகளுக்குப் போதும்.

விலையை மட்டும் நோக்காது வேறு சிலவற்றையும் நோக்குங்கள். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதி உண்டா? காரின் மேல் வைத்து அழுத்தும்போது அவ்வேகம் நிலைத்து நிற்கிறதா? இரண்டு மணி நேரம் ஏந்தினாலும் கை சோராத எடைதானா? கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்றுப் பொருள் திருச்சியிலோ புதுக்கோட்டையிலோ கிடைக்குமா? பொறியை விட அதில் பொருத்தும் திண்டும், தேய்க்கும் காம்பவுண்டுமே பூச்சைத் தொடுகின்றன என்பதையும் மறவாதீர்கள். கம்பளித் திண்டு கடுமையாகத் தேய்க்கும். மென்மையான ஃபோம் திண்டு இறுதி மெருகு தரும்.

பொறி வந்தவுடன் பிறர் காரைத் தொடாதீர்கள். பழைய இரும்புக் கடையில் ஒரு முன்மூடியை வாங்கி, அதிற் பழகுங்கள். விளிம்பிற் பூச்சு எவ்வளவு விரைவில் தீர்ந்துபோகிறது என்பதை அங்கே கற்பது நன்று. வேலைக்கு முன் காரை நன்கு கழுவி, நிழலில் நிறுத்தி, விளிம்புகளில் காகித நாடா ஒட்டுங்கள். நகத்தை வைத்துப் பார்த்து நகம் சிக்கும் ஆழமுள்ள கீறலாயின், அதனை முற்றும் போக்க முயலாதீர்கள். மறைவான ஓரிடத்தில் மிக மென்மையான திண்டையும் காம்பவுண்டையும் கொண்டு தொடங்குங்கள். அது போதுமாயின் அதனோடு நிறுத்துங்கள். போதாதபோது மட்டும் ஒரு படி கடுமையானதை நாடுங்கள். துணியில் காரின் நிறமே ஒட்டி வருமானால் நிறமற்ற மேற்பூச்சு அங்கு இல்லை, அல்லது தீர்ந்துவிட்டது என்று பொருள். உடனே கையை எடுத்துவிட வேண்டும். பூச்சின் கனத்தை அளக்கும் சிறு கருவியும் உண்டு. தொழிலாகக் கொள்வோர் அதனையும் வாங்குதல் நலம்.

ஒருவர் நம்மிடம் தம் காரை விட்டுச் செல்கிறார். நாம் எத்தனை மைக்ரான் எடுத்தோம் என்பது அவருக்குத் தெரியாது. மாலையில் கார் பளபளக்கக் கண்டு மகிழ்ந்து கூலி தருவார். அளவு மீறித் தேய்த்திருந்தால் அதன் பயனை அவர் காண்பது ஓரிரு ஆண்டு கழித்து, கூரையில் நிறம் வெளிறும்போதுதான். ஆகவே இத்தொழிலில் நேர்மை என்பது, எடுக்கக் கூடியதிலும் குறைவாக எடுப்பது. அடுத்த முறை சித்தன்னவாசல் செல்லும்போது, கற்படுக்கையைக் கண்டு வியந்தபின், அறிவர் கோயிலின் விதானத்தையும் சிறிது நேரம் நின்று பாருங்கள். காரின் மேலிருக்கும் பூச்சு எந்த இனத்தைச் சேர்ந்தது என்பது உங்களுக்கே விளங்கும்.