யாரோடு விளையாடப் போகிறோம்?

(பொறியியல் பழைய மாணவர் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பாலம், கான்கிரீட் என்று ஆரம்பிச்சிடாதே, எல்லாரும் பந்திக்குப் போயிடுவாங்க" என்று எச்சரித்துத்தான் செயலாளர் அண்ணன் என்னை மேடை ஏற்றினார். ஆகவே விளையாட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

காலையில் காபி குடிக்கும் இடத்தில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. ஒரு சீனியர் சொன்னார்: "நம்ம காலத்தில் யுனிவர்சிட்டி டீம் என்றால் இந்த வளாகத்துப் பிள்ளைங்கதான். இப்போ வெளிக் கல்லூரியெல்லாம் வந்து சேர்ந்தாச்சு. நம்ம பிள்ளைங்களுக்கு இடம் ஏது? பாதி இடம் வளாகத்துக்கு என்று சங்கத்தில் ஒரு தீர்மானம் போடணும்." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தம்பி தங்கைகளுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியதிலிருந்து அது ஒரே இடத்தில் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம். 1945-இல் பொறியியல் வந்தது. கலை, அறிவியல், பொறியியல், உடற்கல்வி என்று பல துறைகளும் இங்கேயே இருந்ததால், அணித் தேர்வு என்றால் ஹாஸ்டலிலிருந்து மைதானத்துக்கு நடந்து போனால் போதும்.

வெளியே இருந்தவர்கள் நிலைமை வேறு. கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் பெரியார் அரசு கலைக் கல்லூரியைப் பாருங்கள். முன்பு அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இருந்தது. 2002-இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவானதும் வேலூர்ப் பக்கம் போனது. 2021 தொடக்கத்தில் விழுப்புரத்தைத் தலைமையாக வைத்துத் தனிப் பல்கலைக்கழகம் என்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் சட்டம் திருத்தி, அதை அண்ணாமலையோடு இணைத்தார்கள். கல்லூரிக் கட்டடம் ஓர் அடி நகரவில்லை. ஆனால் அங்கே பந்தாடும் பையன் யாரோடு மோத வேண்டும், எந்த ஊருக்குப் பஸ் ஏற வேண்டும், எந்தப் பெயர் போட்ட பனியன் மாட்ட வேண்டும் என்பதெல்லாம் இருபது வருஷத்துக்குள் மாறி மாறிப் போய்விட்டது. நிர்வாகத்துக்காகப் போட்ட கோடு. ஆட்டக்காரனும் அதற்குள் நிற்க வேண்டியதாயிற்று.

இந்த மாதிரி இடமாற்றம் அமெரிக்காவிலும் நடக்கிறது. அங்கே பல்கலைக்கழகங்கள் கூட்டமைப்பு கூட்டமைப்பாகச் சேர்ந்து தங்களுக்குள் ஆடும். பசிபிக் கரைக் கூட்டமைப்பு ஒன்று 1915-இல் வேர்விட்டது. 2024-இல் அதிலிருந்த பன்னிரண்டில் பத்துப் பேர் வெளியேறிவிட்டார்கள். காரணம் டெலிவிஷன் பணம். பசிபிக் ஓரத்து ஸ்டான்ஃபோர்டு இப்போது ஆடுவது அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில்! பணம் கொண்டுவருவது கால்பந்து. ஆனால் ஒரு வாலிபால் மேட்சுக்காக நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறப்பது, பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பெண்பிள்ளைகள். அவர்களுக்கு மாற்றம் தூரத்தைக் கொண்டுவந்தது. கடலூர்ப் பையனுக்கு நம்முடைய மாற்றம் தூரத்தைக் குறைத்திருக்கிறது. வேலூருக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். சிதம்பரத்துக்கு ஐம்பதுகூட இல்லை. அதைத்தான் நாம் குறையாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இனி என் சொந்தக் கதை. 2008-இல் நான் பல்கலைக்கழக வாலிபால் அணியில் இருந்தேன். பன்னிரண்டு பேரில் பன்னிரண்டாவது ஆள். தென்மண்டலப் போட்டிக்குப் போய், மொத்தம் இரண்டு செட் கோர்ட்டில் நின்றேன். மீதி நேரம் தண்ணீர் பாட்டிலும் துண்டும் என் பொறுப்பு.

எங்கள் தெருவில் ஒருத்தன் இருந்தான். என்னைவிட ஒரு வயசு சின்னவன். சில்வர் பீச் மணலில் அவன் குதித்து அடித்தால் பந்து எங்கே விழுந்தது என்று தேட வேண்டும். என்னை மாதிரி மூன்று பேர் பிளாக் போட்டாலும் நிற்காது. அவன் கடலூரில் ஒரு கல்லூரியில் படித்தான். அவனுக்கு அணித் தேர்வு வெளியூரில், காலை ஏழு மணிக்கு. முதல் வருஷம் ராத்திரி பஸ்ஸில் போய், பஸ் ஸ்டாண்டில் படுத்து, தூக்கக் கண்ணோடு ஆடிவிட்டு வந்தான். தேறவில்லை. அடுத்த வருஷம் வழியில் பஸ் பழுதாகி, போய்ச் சேர்ந்தபோது தேர்வு முடிந்திருந்தது. மூன்றாம் வருஷம் போகவே இல்லை. "காசு இல்லண்ணே" என்றான். யார் மேலும் தப்பு சொல்ல முடியாது. ஆனால் என்னிடம் சான்றிதழ் இருக்கிறது, அவனிடம் இல்லை.

அந்தச் சான்றிதழ் வெறும் காகிதம் இல்லை. மத்திய அரசு வேலைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதும் ஒரு தகுதி. ரயில்வேயில் சேர்ந்தவர்கள் இந்தக் கூடத்திலேயே இருக்கலாம். எனக்கு அது தேவைப்படவில்லை, டிகிரி இருந்தது. அவனுக்குத்தான் தேவைப்பட்டது. இன்றைக்கு அவன் ஷிப்ட் வேலை பார்க்கிறான். சாயங்காலம் அதே மணலில் பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறான். போன மாசம் பார்த்தபோது, "இப்பல்லாம் நம்ம பசங்க சிதம்பரம் போனா போதுமாமேண்ணே" என்றான். அவன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்ட பிறகு, "பாதி இடம் எங்களுக்கு" என்று எந்த முகத்தோடு நான் கை தூக்குவேன்?

ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஓர் அணிதான். வாலிபாலுக்குப் பன்னிரண்டு இடம்தான். அதில் ஆறை ஒதுக்கினால், நம் பிள்ளைகள் பனியன் போடுவார்கள், ஆட்டம் வராது. நான் ஆடியதைப் பார்த்தவர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள்.

தீர்மானம் போடத்தான் வேண்டுமென்றால் வேறு மூன்று போடலாம். முதலாவது, அணித் தேர்வின் முதல் சுற்றைக் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று அந்தந்த ஊரில் வைக்கக் கேட்போம். கள்ளக்குறிச்சியிலிருந்து இங்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த ஊர்ப் பையனுக்கு நாம் இன்னொரு தூரத்து ஊராகிவிடக் கூடாது. இரண்டாவது, இறுதித் தேர்வுக்கு வருகிறவர்களுக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டலில் படுக்கையும் மெஸ்ஸில் சாப்பாடும். பெண்கள் அணிக்கு இது கட்டாயம். மகளைத் தனியாக ராத்திரி பஸ்ஸில் அனுப்ப எந்த அம்மாவும் சம்மதிக்க மாட்டாள்.

மூன்றாவது, எஞ்சினியர் என்பதால் ஒரு கணக்கு. பதினாறு கல்லூரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாக்-அவுட் வைத்தால் மொத்தம் பதினைந்து மேட்ச். எட்டு அணி முதல் ஆட்டத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். நான்கு நான்காகப் பிரித்து லீக் வைத்தால் இருபத்துநான்கு மேட்ச். அரையிறுதி, இறுதியையும் சேர்த்தால் இருபத்தேழு. எந்த அணியும் மூன்று மேட்சுக்குக் குறையாமல் ஆடும். பக்கத்து ஊர்களை ஒரே பிரிவில் போட்டால் பஸ் செலவும் குறையும். மீதிச் செலவை நம் சங்கம் ஏற்கட்டும். நினைவுப்பரிசு, சால்வை வாங்கும் காசில் பாதி போதும். என் பங்கை இன்றைக்கே பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. முன்பு நாங்கள் நாலைந்து புலங்களோடு மோதி அணிக்குள் வந்தோம். நீங்கள் பல மாவட்டத்தோடு மோத வேண்டும். கஷ்டம்தான். ஆனால் அதில் தேறி வருகிறவன் தண்ணீர் பாட்டில் தூக்க மாட்டான். தென்மண்டலத்தில் கேரளாக்காரர்களோடும் கர்நாடகக்காரர்களோடும் நிற்கும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

பந்தி ரெடி என்று அண்ணன் கை காட்டுகிறார். சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்கு வாருங்கள், இந்நாள் மாணவர்களோடு ஒரு வாலிபால் மேட்ச் வைத்திருக்கிறோம். என் தெருக்காரனையும் வரச் சொல்லியிருக்கிறேன். நம் பக்கம் ஆறாவது ஆளாக அவன் ஆடட்டும். நான் வெளியே உட்கார்ந்துகொள்கிறேன், எனக்குப் பழக்கமான இடம்தான்.