தையலுக்கு விட்ட துணி யார் கணக்கு?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



லிட்டில் இந்தியாவில் தேக்கா நிலையத்தின் மாடியில் இருக்கும் தையற்கடைகளுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். அங்கே ஒரு ரவிக்கை உருவாவதைக் கொஞ்சம் கவனியுங்கள். அளவு எடுப்பவர் ஒருவர், துணியை வெட்டுபவர் இன்னொருவர், தைப்பவர் மூன்றாமவர் என்று வைத்துக்கொள்வோம். அளவு எடுத்தவர் சீட்டில் 36 என்று எழுதுகிறார். தையலுக்காக ஓரத்தில் விடவேண்டிய துணியை வெட்டுபவர் சேர்த்துக்கொள்வார் என்பது அவர் எண்ணம். வெட்டுபவரோ அதெல்லாம் சேர்த்துத்தான் எழுதியிருப்பார்கள் என்று சரியாக 36க்கு வெட்டிவிடுகிறார். தைப்பவரும் ஒழுங்காகத் தைத்துக் கொடுக்கிறார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தால் கொக்கி மாட்ட முடியவில்லை.

யார் செய்தது தவறு? மூவரில் ஒருவரைக் கேட்டாலும், ‘என் வேலையை நான் சரியாகத்தான் செய்தேன்’ என்பார். அவர் சொல்வது உண்மையும்கூட. அவரவர் வேலையில் குறை இல்லை. ஒருவர் வேலை முடிந்து அடுத்தவர் வேலை தொடங்கும் இடத்தில்தான் குறை. அந்த இடத்துக்கு யாரும் பொறுப்பு ஏற்கவில்லை.

ஒரு ரவிக்கை வீணானால் சில வெள்ளிகள்தான் நஷ்டம். இதே தவறு ஒரு விமானத்தில் நடந்தால்?

நடந்தது. நம் சாங்கி விமான நிலையத்துக்கு முதலில் வந்து சேர்ந்திருக்க வேண்டிய விமானத்தில்தான் நடந்தது. ஏர்பஸ் ஏ380 என்னும் இரண்டு அடுக்கு விமானத்தை உலகிலேயே முதலில் பெறும் நிறுவனம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்று முடிவாகியிருந்தது. 2006இல் வரவேண்டியது. 2007 அக்டோபர் 15ஆம் தேதிதான் கைக்கு வந்தது. அக்டோபர் 25ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு முதல் பயணம் போனது. அன்று நாமெல்லாம் பெருமைப்பட்டோம். ஆனால் ஏன் இந்தத் தாமதம் என்று எத்தனை பேர் யோசித்தோம்?

ஏர்பஸ் ஒரே ஊரில் விமானம் கட்டும் நிறுவனம் அல்ல. 1970இல் பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து தொடங்கியது. பிறகு ஸ்பெயினும் பிரிட்டனும் சேர்ந்தன. ஏ380இன் இறக்கைகள் வேல்ஸ் நாட்டின் பிராட்டன் ஊரில் செய்யப்பட்டன. உடற்பகுதியின் பெரிய துண்டுகள் ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்தும், வால்பகுதித் துண்டுகள் ஸ்பெயினிலிருந்தும் வந்தன. கப்பலிலும் படகிலும் பிரம்மாண்டமான லாரிகளிலும் ஏற்றி, பிரான்சின் துலூஸ் நகரத்துக்குக் கொண்டுவந்து அங்கே பொருத்தினார்கள்.

ஒரு ஏ380க்குள் ஏறத்தாழ 530 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்கம்பிகள் ஓடுகின்றன. ஹாம்பர்க்கில் செய்து அனுப்பிய வயர் கட்டுகளைத் துலூஸில் இழுத்துப் பொருத்தப் பார்த்தபோது பல இடங்களில் நீளம் போதவில்லை. வளைவுகளைச் சுற்றி வரும்போது முனை எட்டவில்லை.

காரணம் என்ன? எல்லாரும் கேட்டியா என்ற ஒரே பெயருடைய வரைபட மென்பொருளைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் அதன் நான்காம் பதிப்பு, பிரான்சிலும் பிரிட்டனிலும் ஐந்தாம் பதிப்பு. இரண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஓரிடத்தில் செய்த மாற்றம் மற்ற இடத்தின் வரைபடத்தில் ஒழுங்காக ஏறவில்லை. போதாக்குறைக்கு, எடை குறைக்க அலுமினியக் கம்பிகளைச் சேர்த்திருந்தார்கள். அவற்றைத் தாமிரக் கம்பிபோல் நெருக்கமாக வளைக்க முடியாது. இரு ஊரிலும் திறமையான பொறியாளர்கள்தான். தையலுக்கு விடும் துணி யார் கணக்கு என்பதுதான் முடிவாகவில்லை.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2005 ஜூனில் ஆறு மாதம் தாமதம் என்றார்கள். 2006 ஜூனில் இன்னும் ஆறேழு மாதம் என்றார்கள். அந்த அறிவிப்புக்கு மறுநாள் தாய் நிறுவனத்தின் பங்கு விலை கால் பங்குக்கு மேல் சரிந்தது. ஜூலையில் தலைமை அதிகாரிகள் இருவர் பதவி விலகினார்கள். அக்டோபரில் மேலும் ஓராண்டு தாமதம் என்ற அறிவிப்பு வந்தது. இதனால் 2010க்குள் 480 கோடி யூரோ லாபம் குறையும் என்று கணக்குச் சொன்னார்கள். ஹாம்பர்க்கிலிருந்து ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் துலூஸுக்குப் போய்த் தங்கி, முதல் தொகுதி விமானங்களின் கம்பிகளைக் கையால் சரிசெய்தார்கள். தாமதம் தவணை முறையில் வெளிவந்ததைக் கவனித்தீர்களா? கெட்ட செய்தி மேலே ஏறிவர நேரம் எடுத்துக்கொண்டது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

இது ஐரோப்பியர்கள் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம் தமிழுக்கும் இது நேர்ந்தது.

1990களில் மின்னஞ்சலில் தமிழ் எழுதியவர்களுக்கு நினைவிருக்கும். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி ‘கணியன்’ செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ செய்தார். சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ செய்தார். எல்லாம் அருமையான உழைப்பு. ஆனால் ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் புரியாத குறிகளாகக் கொட்டியது. ‘அ’ என்ற எழுத்துக்கு ஆளாளுக்கு ஓர் எண் கொடுத்திருந்ததுதான் காரணம்.

இவர்களைப் போன்றவர்கள் ஒன்றுகூடிப் பேச 1997இல் சிங்கப்பூரில் ஒரு மாநாடு நடந்தது. 1999இல் சென்னையில் கூடினார்கள். 2000இல் மறுபடியும் இங்கே கூடினார்கள். அப்போதுதான் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. ஒரே நாளில் ஒற்றுமை வந்துவிடவில்லை. பல குறியீட்டு முறைகள் பல ஆண்டுகள் அருகருகே ஓடின. யூனிகோடு முறையைத் தமிழக அரசு ஏற்றது 2010இல்தான். ஆனாலும் இன்று ஜூரோங்கிலிருந்து பாட்டி அனுப்பும் தமிழ்க் குறுஞ்செய்தியைக் கனடாவில் பேரன் அப்படியே படிக்கிறான். எழுத்துரு அவரவர் விருப்பம், எழுத்தின் எண் மட்டும் பொது என்று ஆனதால்தான் இது முடிகிறது. எதைப் பொதுவாக வைப்பது, எதை அவரவரிடம் விடுவது என்று பிரிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நானும் சிங்கப்பூரில் இருந்தபடி சென்னை, பினாங்கு குழுக்களோடு வேலை செய்பவன். ஒருமுறை சென்னையில் ஒரு கருவியின் மூடிக்கான வரைபடத்தை மாற்றினார்கள். திருகாணித் துளை சிறிது நகர்ந்தது. மின்னஞ்சலும் அனுப்பினார்கள். அதைப் பெற வேண்டியவர் தீபாவளி விடுமுறையில் இருந்தார். பழைய வரைபடத்தை வைத்துப் பினாங்கில் மூடிகளைச் செய்து முடித்துவிட்டார்கள். ஒரு மூடியும் பொருந்தவில்லை. திட்ட மேலாளர் நான்தான். ‘அனுப்பினேனே’ என்றார் ஒருவர், ‘வரவில்லையே’ என்றார் மற்றவர். இருவருக்கும் இடையில் இருந்திருக்க வேண்டியவன் நான். அதற்குப் பிறகு மூன்று பழக்கங்களை விடாமல் பின்பற்றுகிறேன்.

ஒன்று: வேலையைப் பிரிக்கும் அன்றே, எந்தத் துண்டு எந்தத் துண்டோடு சேருகிறது என்று ஒரு தாளில் எழுதிவிடுவேன். ஒவ்வோர் இணைப்புக்கும் எதிரே ஒருவர் பெயர் இருக்கும். நிறுவனத்தின் பெயர் அல்ல, ஆளின் பெயர்.

இரண்டு: ஒரே வரைபடம், ஒரே இடத்தில். ஆளுக்கொரு நகல் கிடையாது. மாற்றம் செய்தவர் ‘அனுப்பிவிட்டேன்’ என்றால் போதாது, பெற்றவர் ‘பார்த்தேன், இன்ன எண் மாறியிருக்கிறது’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் ‘சரி’ என்ற சொல்லுக்குக் கேட்டுக்கொண்டேன் என்றும் பொருள், செய்துவிடுகிறேன் என்றும் பொருள். எந்தச் ‘சரி’ என்று கேட்டுவிடுவது நல்லது.

மூன்று: தவறை முதலில் வந்து சொல்பவரைத் திட்டுவதில்லை. இது சொல்ல எளிது, செய்யக் கடினம். ஆனால் ஒருமுறை திட்டினால், அடுத்த தவறு ஆறு மாதம் கழித்துத்தான் நம் காதுக்கு வரும்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். ஆனால் திருப்பத்தில் சக்கரத்தருகே குனிந்து நின்று, கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறவர் ஒருவர் இருப்பார். அவர் இல்லாவிட்டால் தேர் வீதி திரும்பாது.

உங்கள் அலுவலகத்திலோ, உங்கள் வீட்டுத் திருமண ஏற்பாட்டிலோ அந்தக் கட்டை யார் கையில் இருக்கிறது? வேலையைத் தொடங்கும் முன் இதை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பதில் கிடைக்காவிட்டால், அந்தக் கட்டையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.